பின்பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பெயர்கள்

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது எனக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு ஆவணம் எழுதி முடிக்க வேண்டும். வீட்டிலிருந்தே எழுதலாம். வாடிக்கையாளர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டு, பிறகு மாற்றி எழுதும்படி ஆகாமல் இருந்தால், தொடர்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். மாற்றி எழுத நேர்ந்தால் சென்னைக்கு, அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். எங்கள் குழுவின் தலைவி இதைச் சலுகையாகத்தான் சொன்னார். என் காதில் அது கெடுவாக விழுந்தது.

திருத்தணியிலிருந்து அலுவலகம் போய்ச் சேர, ரயிலும் பஸ்ஸுமாக இரண்டரை மணி நேரம் ஆகும். வருவதற்கும் அதே. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் போனால் அவள் விழித்திருக்கும் நேரமெல்லாம் நான் வீட்டில் இருக்க மாட்டேன். போகாவிட்டால் வேலை இருக்காது. வேலையை விட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லோருமே ஒரு வருடத்துக்கு என்று சொல்லித்தான் விட்டார்கள்.

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. எதை எழுத வேண்டும் என்று நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறவள். ஒரு செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்கள் தினமும் என்ன செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எதை எங்கே குறித்து வைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு, அதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக்குவேன். எல்லா வாக்கியமும் ‘வேண்டும்’ என்று முடியும். தாயின் பெயரைக் கேட்க வேண்டும். தடுப்பூசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே குழந்தையின் பெயர் நர்சின் திரையில் வர வேண்டும். அலுவலகத்தில் இதை ரெக்கொயர்மென்ட் என்பார்கள். நான் எழுதாமல் விட்டது செயலியில் இருக்காது.

இந்த முறை வாடிக்கையாளர் ஒரு தொண்டு அறக்கட்டளை. அவர்களுடைய நர்சுகள் கர்ப்பிணிகளையும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர்கள். தடிமனான நீள நோட்டுகளைச் சுமந்து திரிகிறார்கள். நோட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு டேப்லெட் கொடுக்கலாம் என்பது திட்டம். ஏழு மாதக் குழந்தையின் தாய் எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று தலைவி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமியார் வீட்டில் கதவு மூடக்கூடிய அறை ஒன்றுதான். அதில் கட்டில், பீரோ, அத்தையின் பழைய தையல் மெஷின். மெஷின் தலையை உள்ளே மடக்கிவிட்டால் மேலே லேப்டாப் வைக்க இடம் கிடைக்கும். பதற்றமாக இருக்கும்போதெல்லாம் என் கால் தானாக மிதியை அழுத்தும், பக்கத்தில் சக்கரம் சுற்றும். சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் கொட்டகை. நான்கு தறி. போனில் பேசும்போது நான் பேசும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மைக்கை அணைத்தே வைத்திருப்பேன். கரண்டு போனால் தறி நின்றுவிடும். ஆனால் அப்போது நெட்டும் போய்விடும்.

முறைப்படி நான் இரண்டு நாளாவது நர்சுகளின் பின்னாலேயே நடந்திருக்க வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்பதைவிட அவர்கள் கை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலையில் முக்கியம். அத்தையிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. “போறதுன்னா போ. ஆனா அந்த வெயில்ல பச்ச புள்ளைய எங்கமா வெச்சிப்பே?” என்று மட்டும் கேட்டார். போகும் எண்ணத்தை விட்டேன். அறக்கட்டளை அலுவலரிடம் நோட்டுகளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நாற்பது பக்கம் வந்தது. எல்லாமே நேராக, நிழல் விழாமல், தெளிவாக. ஒரு கட்டம் விடாமல் அட்டவணை போட்டேன். நேரில் போயிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகக் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நர்சுகளோடு வீடியோவில் பேச அவர்கள் குறித்த நாள் கிருத்திகையாகப் போயிற்று. கிருத்திகை என்றால் எங்கள் வீடு சத்திரம்தான். மலைக்கு வரும் கணவர் வழிச் சொந்தங்கள் எல்லாம் காலையில் பையை இங்கே போட்டுவிட்டு, மொட்டை அடித்துக்கொண்டு மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கூடத்தில் ஏழெட்டுச் சந்தனத் தலைகள். சந்தனக் கிண்ணத்தை பீரோவில் தேடி யாரோ கதவைத் திறந்து, திரையில் நர்சுகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என் மகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சியதில் அவள் மிரண்டு அலறிக்கொண்டிருந்தாள். அந்த அழுகை கேட்டதும் எனக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வேறு ஏதாவது உண்டா என்று நர்சுகளைக் கேட்டேன்.

அவ்வளவுதான் மேடம் என்றார் ஒருவர். இன்னொருவர், அவர்தான் வயதில் மூத்தவர், ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் என்று தொடங்கினார் என இப்போது நினைக்கிறேன். நான், “அதை மெயில்ல போட்டுடுங்கம்மா,” என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். மெயில் வரவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையிலேயே அவர் அப்படித் தொடங்கினாரா, அல்லது பின்னால் நடந்ததை வைத்து நானே அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்துவிட்டேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இன்றுவரை தெரியவில்லை.

ஆறாவது வாரம் ஆவணம் கையெழுத்தாயிற்று, ஒரு திருத்தமும் இல்லாமல். எழுபத்தொரு பக்கம். தலைவி குழு முழுவதும் பார்க்கும்படி வாழ்த்து அனுப்பினார். பாவா (எங்கள் வீட்டு வழக்கப்படி கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சென்னையில் வேலை முடிந்து வரும்போது கால் கிலோ பால்கோவா வாங்கிவந்தார். அத்தை எல்லோரிடமும் மருமகள் வேலை இனி வீட்டிலேயே என்று சொன்னார். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதோடு கூடவே, அந்த அறையின் கதவை யாரோ வெளியிலிருந்து மெதுவாகச் சாத்துவது போலவும் இருந்தது. கேட்டது கிடைத்த பிறகு இப்படித் தோன்றலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி. தெருக்கோடி அங்கன்வாடியில் போடுவார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கையில் கசங்கிய அட்டை. ஊசி போட வந்த அரசு நர்சம்மா தன் நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

“உன் பேரு என் லிஸ்ட்ல இல்லியேம்மா. யார் வூடு?”

தறிக்காரர் வீட்டுப் பெண் என்றாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். புகுந்த வீடு கனகம்மாசத்திரம் பக்கம்.

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எப்போ திரும்பிப் போவே?”

“அஞ்சாம் மாசம்னு சொல்லிகினு இருக்காங்க. மாமியாரு வந்து கூப்பிட்டாத்தான் தெரியும்.”

நர்சம்மா நோட்டை மூடினார். தலைகீழாகத் திருப்பி, பின் அட்டையைத் திறந்தார். பின்பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பெயர்கள் அங்கே பக்கம் பக்கமாக இருந்தன. கட்டம் இல்லை, தலைப்பு இல்லை. பெயர், யார் வீட்டுப் பெண், எந்த ஊர் மருமகள், ஒரு போன் நம்பர். சிலவற்றின் மேல் ஒரு கோடு. திரும்பிப் போய்விட்டவர்கள் போலிருக்கிறது. அடுத்த பக்கத்தில் இங்கிருந்து போனவர்கள். அவர் அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டு, குழந்தைக்கு ஊசி போட்டார்.

நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறக்கட்டளை நர்சுகளின் நோட்டுகளும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு வந்த நாற்பது படங்களும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. எங்கள் ஆவணத்தில் ஒரு தாய்க்கு ஒரு முகவரி. அது கணவன் வீட்டு முகவரி.

வெட்கமாக இருந்தது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். மகளுக்கு ஐந்தாம் மாதம் வரை அங்கேதான் இருந்தேன். ஆந்திராவில், எல்லை தாண்டி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த ஊர் நர்சும் என்னைப் பார்க்க வந்தார். என் அப்பா, நைனாதான் அவருக்கு நாற்காலி போட்டார். அவரும் நோட்டைத் திருப்பித்தான் எழுதியிருப்பார். நான் பார்த்திருப்பேன், கவனித்திருக்க மாட்டேன். இந்தப் பக்கத்தில் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகாதவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். போகிறவர்களை யாரும் தனியாகச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. மருமகளாக இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியதால், எல்லாப் பெண்களையும் அவரவர் புகுந்த வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மகளைத் தூங்க வைத்துவிட்டு, செயலியின் மாதிரித் திரையைத் திறந்தேன். பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதற்காக மட்டும் செய்திருந்தது. அதில் என் பெயரையே போட்டேன். கர்ப்பம், ஏழாம் மாதம். முகவரியை மாற்று என்பதை அழுத்தி, அம்மா வீட்டு முகவரியைப் போட்டேன். அதன் பின்கோடு ஐந்தில் தொடங்கும். திரையில் சிவப்பாக வந்தது: முகவரி செல்லாது.

அந்த விதியை எழுதியது நான்தான். தமிழ்நாட்டுப் பின்கோடு எல்லாம் போல ஆறில் தொடங்க வேண்டும் என்று. தவறான எண்ணைப் போட்டுவிடக் கூடாதே என்று எழுதினேன். வாடிக்கையாளர் அதைத் தனியாகப் பாராட்டியிருந்தார்.

எல்லை தாண்டாத அம்மா வீடானாலும் நிலைமை மோசம்தான். முகவரியை மாற்றினால் பெயர் அடுத்த ஊர் நர்சின் திரைக்குப் போய்விடும், பழைய நர்சின் திரையிலிருந்து மறைந்துவிடும், அவள் திரும்பி வந்தாலும் அவருக்குத் தெரியாது. மாற்றாவிட்டால் ஆளில்லாத வீட்டுக்கு நர்ஸ் நடந்துகொண்டே இருப்பார். எப்படியும் எட்டு, பத்து மாதத்துக்கு, ஊசியும் மாத்திரையும் மிகவும் தேவைப்படுகிற காலத்துக்கு, தாயும் குழந்தையும் எங்கேயும் இல்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. புதன், வியாழன், வெள்ளி போயிற்று. செயலி வந்த பிறகும் நர்சுகள் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்வார்கள், எப்போதும் செய்வதுதானே என்று யோசித்தேன். அப்படியானால் டேப்லெட் எதற்கு என்றும் யோசித்தேன். சோதனைக் காலத்தில் தானாகவே தெரிந்துவிடும், அப்போது அது எல்லோருடைய தவறாகவும் இருக்கும், என்னுடையதாக மட்டும் இருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தபோது கால் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்து, ஊசி இல்லாமல் மெஷின் ஓட்டினால் கெட்டுப்போகும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாவாவிடம் சொன்னேன். மகளை மடியில் படுக்க வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர், நான் சொல்வதை எப்போதும் கேட்பார்.

“சைன் ஆயிடுச்சுல்ல? அவங்க கேக்காதத நீ ஏன் போய்ச் சொல்றே?”

“அவங்களுக்குக் கேக்கத் தெரியாது பாவா. கேக்க வெக்கிறதுதான் என் வேலை.”

கட்டை விரல் நகம் மிச்சம் இருந்தது. அதை வெட்டி முடித்துவிட்டு, “சொன்னா நீ வண்டி ஏறணும். நீ பால் குடுக்கறதை நிறுத்தணும். யோசிச்சிக்கோ. உன் இஷ்டம்தான்,” என்றார்.

என் இஷ்டம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் தனியாகிவிடுவேன். கூடாது என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சொல் என்று சொல்லியிருந்தால் பின்னால் அவரைக் குறை சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை தலைவியைக் கூப்பிட்டேன். வாக்கியங்களை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“கிளையன்ட் சொன்னாங்களா?”

“இல்லைங்க. நானே பார்த்தேன்.”

“நீயே டெலிவரிக்கு அம்மா வீட்டுக்குத்தானேம்மா போனே?”

“ஆமாங்க.”

“அப்புறம் எப்படிம்மா விட்டே?”

எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். தறிச் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருப்பேன் என்றார். ஆனால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவள் மதியச் சாப்பாட்டில் ஏதாவது கேட்டிருப்பாள், அதில் அகப்பட்டிருக்கும் என்றார். தான் மூத்த மகன் பிறந்து எண்பத்து நான்காம் நாள் வேலைக்கு வந்தவள் என்றும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆறுதலாக இருக்கலாம். பிறகு, திருத்த விண்ணப்பம் ஒன்று போடு, வாடிக்கையாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வாரத்தில் நான்கு நாள் வந்துவிடு என்றார்.

“தண்டனைன்னு எடுத்துக்காதே. பேசினபடிதான்.”

விண்ணப்பத்தில் ‘மாற்றத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘தேவைகளைச் சேகரித்தபோது விடுபட்டது’ என்று எழுதினேன். யாரால் என்ற கட்டத்தில் என் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு புதிய வாக்கியங்களை எழுதினேன். ஒரு தாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு வீடு இருக்க அனுமதிக்க வேண்டும். இப்போது எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். இரண்டு நர்சுகளின் திரையிலும் பெயர் இருக்க வேண்டும். திரும்பும் நாள் தெரியாது என்பதையும் ஒரு பதிலாக ஏற்க வேண்டும். பின்கோடு விதியை எடுத்துவிட்டேன். ஆவணத்தில் நான் எழுதியவற்றிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். அதை எழுதிய சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது.

அத்தையிடம் மதியம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தவறு, விண்ணப்பம் எல்லாம் சொல்லி விளக்க முயன்றேன். அவர் கையை நிறுத்தவில்லை. சண்டை வரும், இல்லாவிட்டால் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். குழந்தையோடு அம்மா வீட்டுக்கே போய்விடு என்று சொல்வார் என்றும் நினைத்திருந்தேன்.

“எத்தினி மணி வண்டி?” என்றார்.

“ஆறுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு அத்தே.”

“சரி. இவளுக்கு எப்போ எப்போ இன்னா வேணும்னு ஒரு காய்தத்துல எழுதிக் குடு. எனக்குப் படிக்க வரும். எழுத்து மட்டும் பெரிசா இருக்கட்டும்.”

உள்ளே போய்த் தாள் எடுத்து வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். ஏழு மணிக்கு பீய்ச்சி எடுத்து வைத்த தாய்ப்பால். ஒன்பதுக்கு ராகிக் கூழ். பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை தூக்கம். இது எனக்கு உறுதியாகத் தெரியும், என் முக்கியமான போன்கள் எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்வேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“பதினோரு மணிக்கா? தூங்க மாட்டாம்மா,” என்றார் அத்தை.

“தினம் தூங்கறாளே அத்தே. சத்தமே வராதே.”

“நீ போன்ல இருக்கச்சொல்ல கதவாண்ட போயி உக்காந்துக்குவா. தட்டுவா. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு தோட்டத்துப் பக்கம் தூக்கினு போயிடுவேன். அங்க குழாய்த் தண்ணிய பாத்துகினு இருப்பா. நீ பேசி முடிச்சப்புறம்தான் கண்ணு சொருகும். தூளில போட்டா அஞ்சு நிமிசம். நீ வந்து பாக்கும்போது தூங்கிகினு இருப்பா.”

இத்தனை வாரமாகவா என்று நான் கேட்கவில்லை. குழந்தையின் பக்கத்திலேயே இருப்பதற்காகத்தான் அந்த அறையில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தேன். அத்தை இதை ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது, உடனே அவர் எதற்காகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. கூடத்தில் மகள் ஒரு எவர்சில்வர் மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பதினொன்று என்று எழுதியிருந்ததை அடித்தேன். அத்தை கீரைக் காம்புகளை முறத்தின் ஓரமாக ஒதுக்கினார்.

“வேற என்ன அத்தே?” என்றேன்.

“வேறயா,” என்று யோசித்தார். “எழுதிக்கோ. கூழு ஒம்பது மணிக்கு இல்ல. எட்டரைக்கே தரணும்.”